மைக் இல்லாத காலத்துத் தொண்டை



மார்கழிப் பனி இறங்கிவிட்டால் எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு தொண்டைக்கட்டு நிச்சயம். ஒரு பக்கம் கடற்காற்று. மறுபக்கம் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகையும் புழுதியும். அந்த இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தித்தான் மாடியில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிட வேண்டும், கீரைக்காரரை நிறுத்த வேண்டும், காது மந்தமான மாமனாருக்கு மாத்திரை நேரம் சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குள் தொண்டை கம்மிப் போகாமல் என்ன செய்யும்?

"கத்திக் கத்தி என் குரலே ஆம்பளைக் குரல் மாதிரி ஆயிடுச்சு அக்கா, ஏதாவது கை வைத்தியம் சொல்லுங்களேன்" என்று எண்ணூரிலிருந்து ஓர் இளம் தாய் எழுதியிருக்கிறாள். சொல்லாமல் விடமாட்டேன். ஆனால் குரல் என்ற பேச்சு வந்ததும் எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகம் வந்துவிட்டது. மைக் இல்லாத மேடைகளில், ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடியப் பாடி, கடைசியில் மண் தரையில் குந்தியிருப்பவருக்கும் ஒவ்வோர் எழுத்தும் விழும்படி செய்தவர். கே.பி.சுந்தராம்பாள்.

உங்களில் பலருக்கு அவரை ஔவைப் பாட்டியாகத்தான் தெரியும். நெற்றி நிறைய விபூதி, கையில் கோல். அந்தப் பாட்டியாவதற்கு முன்னால் அவர் வள்ளியாக இருந்தார், பவளக்கொடியாக இருந்தார். தமிழ்நாடும் இலங்கையும் அவர் குரலுக்காக ராத்தூக்கத்தை விட்டிருக்கின்றன. அந்தக் கதை நமக்கு மறந்துபோயிற்று.

மேல்நாட்டில் 'ஆப்பரா' என்று ஒன்று உண்டு. கதையைப் பாட்டாகவே நடிப்பார்கள். பெரிய வாத்தியக் கோஷ்டி ஒன்று முன்னால் உட்கார்ந்து முழங்கும். அதை மீறிக்கொண்டு, மைக் இல்லாமல், பாடுகிறவரின் தொண்டை மேல் மாடி வரை போக வேண்டும். நம்மிடம் அதற்கு ஈடானது இசை நாடகம். நடுநடுவே வசனம் உண்டு என்றாலும் கதையைத் தூக்கிக்கொண்டு போவது பாட்டுத்தான். எங்கள் பாட்டி சும்மா 'டிராமா' என்பாள். ராயபுரத்திலிருந்து நாலைந்து பெண்களாகச் சேர்ந்து, தூக்கில் புளிச்சோறு கட்டிக்கொண்டு, வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைத் தியேட்டருக்கு நடந்தே போவார்களாம். திரும்பி வந்து வாசல் தெளிக்கச் சரியாக இருக்குமாம். "தூக்கம் வராதா பாட்டி?" என்று கேட்டால், "பாட்டு வுட்டாத்தானே தூக்கம் வரும்" என்பாள்.

சுந்தராம்பாள் 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். கே என்பது கொடுமுடி. பி என்பது அவரைப் பெற்ற பாலாம்பாள். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாயின் பெயர் இருப்பதைக் கவனித்தீர்களா? தகப்பனார் சீக்கிரமே போய்விட்டார். குழந்தைகளை வைத்துக்கொண்டு தாய் பட்ட பாடு சொல்லி முடியாது. ரயிலில் பாடிக்கொண்டு வந்த சிறுமியின் குரலை நடேசய்யர் என்ற ரயில்வே அதிகாரி கேட்டு, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்று சொல்வார்கள். முதல் வேஷம் 'நல்லதங்கா'ளில் பசியால் அழுகிற பிள்ளை. அதற்கு அந்தக் குழந்தைக்கு யாரும் ஒத்திகை பார்த்திருக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்து நாடகப் பாட்டு லேசுப்பட்டதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அவற்றை மனப்பாடம் செய்த நடிகர்கள், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, அன்று ராத்திரிதான் மேடையில் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். ஒத்திகை கிடையாது. தினைப்புனத்தில் நிற்கிற வள்ளியை வேலன் சீண்டுவான். அவள் பாட்டாலேயே பதில் சொல்ல வேண்டும். அவன் ஒரு ராகத்தில் ஏறினால் அவள் அதே ராகத்தில் ஒரு படி கூட ஏற வேண்டும். இதற்குத் தர்க்கம் என்று பெயர். எதிராளி விட்டுக்கொடுக்க மாட்டான். தோற்றுவிட்டால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள்! வீட்டில் வாயைத் திறக்காதே என்று வளர்க்கப்பட்ட பெண்கள், மேடையில் ஒருத்தி ஆண்பிள்ளைக்குச் சரிக்குச் சரி பதில் சொல்வதைக் கேட்கவே புளிச்சோறு கட்டிக்கொண்டு போனார்களோ என்னவோ.

சரி, மைக் இல்லாமல் எப்படிக் கேட்டது? இங்கேதான் நம் தொண்டை விஷயம் வருகிறது.

குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. பெண்களுக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் நீளம். மூச்சுக் காற்று கீழேயிருந்து வரும்போது அவை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு அதிர்கின்றன. ஆர்மோனியத்தில் '5 கட்டை' என்கிறார்களே, அந்தச் சுருதியில் ஒரு பெண் 'ஸ' பிடித்தால் அவை விநாடிக்குச் சுமார் 196 தடவை அதிரும். மேல் ஸட்ஜத்தில் அதற்கு இரண்டு மடங்கு. அதற்கும் மேலே பஞ்சமத்தைத் தொட்டால் கிட்டத்தட்ட 590. அரிசி மூட்டை தைக்கிற மெஷின்கூட அப்படி ஓடாது.

இவ்வளவு மென்மையான சதையைக் கத்தவைத்தால் என்ன ஆகும்? வீங்கும். தினம் தினம் கத்தினால் மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கை காய்ப்பது போல அந்த மடிப்பும் காய்த்துப்போகும். பள்ளிக்கூட டீச்சர்களுக்கும், கூவி விற்கும் பெண்களுக்கும், சின்னக் குழந்தைகளின் தாய்மார்களுக்கும் இது அடிக்கடி வருவது. நல்ல பாடகர் கத்துவதில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சை அளந்து விடுகிறார். வாயையும் தொண்டையையும் ஒரு வாத்தியக் குடம் போல அமைத்துக்கொள்கிறார். விநாடிக்கு 2,000 முதல் 4,000 வரை அதிர்கிற ஒலி என்றால் மனிதக் காதுக்கு ரொம்ப இஷ்டம், சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆப்பரா பாடுகிறவர்கள், முக்கியமாக ஆண்கள், தங்கள் குரலின் பலத்தில் ஒரு பங்கை 3,000 அதிர்வுப் பக்கம் குவித்துவிடுகிறார்கள் என்று குரலை அளந்து பார்த்த விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். வாத்தியக் கோஷ்டிக்கு அந்த இடத்தில் பலம் குறைவு. குரல் வழி கண்டுபிடித்துப் போய்விடும். நம் நாடகக்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. 'கணீர்' என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

எண்ணூர் சகோதரிக்கும் மற்றவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பனங்கற்கண்டுப் பாலும் மிளகும் தொண்டைக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் விழுங்குகிற எதுவும் குரல் மடிப்பைத் தொடுவதில்லை. அது உணவுக் குழாய் வழியே போய்விடுகிறது. மடிப்புக்கு ஈரம் போய்ச் சேர நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதும், வெந்நீர் ஆவியை நிதானமாக மூச்சில் இழுப்பதும்தான் உதவும். (ஆவி பிடிக்கும்போது குழந்தைகள் பாத்திரத்தின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொதி தண்ணீர் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.) குரல் கம்மினால் பேச்சைக் குறையுங்கள். கிசுகிசுப்பது ஓய்வாகாது, அதிலும் சிரமம் உண்டு. அடிக்கடி 'க்ஹும்' என்று செருமாதீர்கள். பிள்ளையைக் கூப்பிட ஒரு மணியோ, கைதட்டலோ பழக்குங்கள். மூன்று வாரத்துக்கு மேலும் கரகரப்புத் தொடர்ந்தால் காது மூக்குத் தொண்டை டாக்டரைப் பாருங்கள். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. விழுங்க வலித்தாலோ, எச்சிலில் ரத்தம் தெரிந்தாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ மூன்று வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. காய்ப்பு என்றால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் கத்தி வைக்காமல், குரல் பயிற்சியிலேயே சரியாகிறது.

கொழும்புக்குப் போவோம். 1926. தமிழ் நாடகத்துக்குக் கொழும்பு அப்போது நல்ல சந்தை. சுந்தராம்பாளுக்கு அங்கே ஏக கிராக்கி. செங்கோட்டைக் கிட்டப்பா வருகிறார் என்று செய்தி வந்தது. அவரைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆண்கள் பொதுவாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். கிட்டப்பாவோ பெண்கள் பாடுகிற 5 கட்டைக்கு மேலே நின்று சர்வசாதாரணமாகப் பாடுவார். "அவரோடு மேடையேறினால் உன் பெயர் கெட்டுப்போகும், வேண்டாம்" என்று பலர் பயமுறுத்தியதாகச் சொல்வார்கள். அவர் ஏறினார். அதற்குப் பிறகு இரண்டு பெயரையும் ஜனங்கள் பிரித்துச் சொல்லவில்லை.

மேடையில் சேர்ந்தவர்கள் 1927-ல் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஊரில் மனைவி உண்டு; ஜாதியும் வேறு. ஊர் இதை என்ன பெயர் சொல்லிப் பேசியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனஸ்தாபம், பிரிவு, அவருடைய குடி, உடம்பு சரியில்லாமை. கிட்டப்பாவுக்கு சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்பாடு அச்சாகியிருக்கின்றன. படித்துப் பார்த்தால், காலில் விழுந்து கிடக்கிற பெண்ணை அதில் காண முடியாது. கோபிக்கிறார், நியாயம் கேட்கிறார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உருகவும் செய்கிறார். வள்ளியின் தர்க்கம் வீட்டுக்குள்ளேயும் நடந்திருக்கிறது. 1933 டிசம்பரில் கிட்டப்பா போய்விட்டார். முப்பது வயது ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று வைராக்கியம் வைத்தார். கடைசி வரை காப்பாற்றினார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சுந்தராம்பாளைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த வெள்ளைப் புடவையைத்தான் ஒரு மணி நேரம் புகழ்கிறார்கள். பாட்டுக்கு ஐந்து நிமிஷம். ஒரு பெண் பாடியதைவிட, இழந்ததுதான் ஜனங்களுக்கு ருசிக்கிறது போலும். அந்த அம்மாள் புடவையை மாற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடவில்லையே! ஜோடி இல்லாமல் நாடகம் ஏது என்று கேட்ட உலகத்துக்கு, ஆண் வேஷம் கட்டி நந்தனாராக வந்து நின்றார். தம் வைராக்கியத்துக்குள்ளேயே தொழிலுக்கு ஒரு வாசலைத் திறந்துகொண்டார். அந்தச் சாமர்த்தியத்தை யாரும் பேசுவதில்லை.

அந்த நந்தனாரைச் சினிமா எடுக்க வந்தார்கள். நடிக்க மனமில்லாமல், முடியாது என்று சொல்வதற்குப் பதிலாக 'ஒரு லட்சம் கொடுங்கள்' என்றாராம். வந்தவர்கள் சரி என்றுவிட்டார்கள். படம் 1935-ல் வந்தது. பவுன் முப்பது ரூபாய்க்கும் கீழே விற்ற காலம் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூவாயிரம் பவுனுக்கு மேல் வருகிறது. தட்டிக்கழிக்கச் சொன்ன தொகை என்கிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. பத்து வயதுக்குள் பசியைப் பார்த்தவருக்குத் தம் தொண்டையின் விலை தெரியாமலா இருந்திருக்கும்? வேதியராக மகாராஜபுரம் விசுவநாதையர் நடித்தார். பெரிய சங்கீத வித்வான், அவரோடு சரிசமமாகப் பாட்டு. படம் என்னவோ பிரமாதம் என்று சொல்ல முடியாது. பனைமரமும் எருமையும் நன்றாக நடித்ததாகக் கல்கி கேலி செய்தார்!

அப்புறம் 'மணிமேகலை' (1940), ஜெமினியின் 'ஔவையார்' (1953). ஔவை வேஷத்துக்கும் ஜோடி வேண்டியதில்லை என்பதைச் சொல்ல வேண்டுமா? மதுவிலக்குக்கும் கதருக்கும் தேச விடுதலைக்கும் பாடினார். காந்தி கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் சாப்பாடு வைத்தாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி கேட்க, அதையும் கொடுத்துவிட்டார் என்று ஒரு கதை எல்லோரும் சொல்வார்கள். 1950-களில் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். சினிமாவிலிருந்து சட்டசபைப் பக்கம் போனவர்களில் முதல் ஆள் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். பிற்பாடு அந்த வழியில் எத்தனை பேர் போனார்கள் என்பது நாடறிந்தது.

அவர் பாட்டில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? சுருதி உச்சத்துக்குப் போகும்போது பலருக்கு வார்த்தை உடைந்துபோகும். 'ஆ' என்ற இழுப்பு மட்டும்தான் மிஞ்சும். இவருக்கு அங்கேதான் தமிழ் இன்னும் தெளிவாகும். ழகரம் ழகரமாக, றகரம் றகரமாக வந்து விழும். உச்சியில் போய்க் குரலைக் குழைக்க மாட்டார். கோயில் கோபுரத்துக் கலசம் மாதிரி நேராக நிறுத்திவிட்டு, மூச்சு முடிகிற வரை அசையாமல் வைத்திருப்பார். நுணுக்கம் போதாது என்று கச்சேரி ரசிகர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சபாவின் முதல் வரிசைக்குப் பாடுகிறவருக்கு வேண்டிய நுணுக்கம் வேறு, கடைசி வரிசைக்குப் பாடுகிறவருக்கு வேண்டியது வேறு.

இன்னொரு பெண்ணையும் சொல்லத் தோன்றுகிறது. மரியா கல்லாஸ். 1923-ல் நியூயார்க்கில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆப்பரா உலகத்தில் அவரைப் போல் இன்னொருவர் இல்லை என்று கொண்டாடினார்கள். 1965 ஜூலையில் லண்டன் கோவன்ட் கார்டன் மேடையில் 'டோஸ்கா' பாடினார். அதுதான் கடைசி, மறுபடி ஆப்பரா மேடையில் அவர் நடிக்கவில்லை. அப்போது வயது 41. குரல் கைவிட்டதற்கு டயட் இருந்து உடம்பை இளைத்ததுதான் காரணம் என்று சிலர், காதல்தான் காரணம் என்று சிலர், ஓய்வில்லாமல் பாடியதுதான் என்று சிலர் இன்னும் சண்டை போடுகிறார்கள். 1977-ல் பாரிஸில், 53 வயதில் காலமானார். நம்மவர்? அதே 1965-ல் 'திருவிளையாடல்' வந்தபோது சுந்தராம்பாளுக்கு 56. அதற்கு முந்தின வருஷம் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள். 1969-ல் 'துணைவன்' படப் பாட்டுக்குச் சிறந்த பின்னணிப் பாடகி என்று தேசிய விருது, அறுபதைத் தாண்டுகிற வயதில்! அடுத்த வருஷம் பத்மஸ்ரீ. 1980-ல் காலமானார். மைக் வந்த பிறகும் மைக்கை நம்பாமல் பாடிய தொண்டை அது.

இதெல்லாம் என்னத்துக்கு இப்போது என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு தாய் இருக்கிறாள். காசிமேட்டில் மீன் வியாபாரம். விடியற்காலை ஏலத்தில் அவள் குரலைக் கேட்டால் படகு தானாகக் கரைக்கு வரும் போலிருக்கும். அவள் மகள் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு பாடுகிறாள். நல்ல கணீர்க் குரல். குடும்பத்துக்கு அந்தக் காசு ஆகிறது. இப்போது மாப்பிள்ளை வீடு அமைந்திருக்கிறது. எல்லாம் பிடித்திருக்கிறதாம், ஒன்று மட்டும்தான்: கல்யாணத்துக்குப் பிறகு மேடையேறக் கூடாது.

"நீயே சொல்லுக்கா. வூட்டுல பாடிக்கினா போவுது. இதுக்கோசரம் நல்ல எடத்த வுட முடியுமா?" என்று என்னிடம் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

சுந்தராம்பாளைப் பார் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாளுக்குத் துன்பம் வந்துதான் மேடை நிலைத்தது. அந்த உதாரணத்தைக் கல்யாணப் பெண்ணின் தாயிடம் எப்படிச் சொல்வது? "பெண்ணைக் கேட்டாயா?" என்றேன். "அத இன்னாத்துக்குக் கேக்கறது, அழுவுது" என்றாள்.

"அப்படியானால் மாப்பிள்ளை வீட்டாரிடம் மறுபடி பேசு. உன் மீனுக்கு ஏலத்தில் முதலில் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு வருவாயா?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதம் எத்தனை கச்சேரி, ராத்திரி எத்தனை மணிக்குள் வீட்டுக்கு வருகிறாள், கூட யார் போகிறார்கள், கையில் என்ன கிடைக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் பெண் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னேன். மாப்பிள்ளையின் தாயாரை அடுத்த கச்சேரிக்கு முன்வரிசையில் உட்கார அழைக்கவும் சொன்னேன். இதுவரை அந்த அம்மாள் பெண் பாடிக் கேட்டதே இல்லையாம்!

கச்சேரி வருகிற ஞாயிற்றுக்கிழமை, பழைய வண்ணாரப்பேட்டையில். மாப்பிள்ளையின் தாயார் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். பெண்ணுக்கோ இரண்டு நாளாக ஜலதோஷம். ஆவி பிடி, பேச்சைக் குறை, சனிக்கிழமை ராத்திரி கண் விழிக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.